காது, மூக்கு, தொண்டை: மூன்றுக்கும் ஒரு டாக்டர்

கண் வலித்தால் கண் டாக்டரிடம் போகிறோம். பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறோம். காது வலித்தால் மட்டும் நேரே அடுப்பங்கரைக்குப் போகிறோம்! நல்லெண்ணெயைக் காய்ச்சு, ஒரு பல் பூண்டைத் தட்டிப் போடு, சூடு ஆறினதும் இரண்டு சொட்டு விடு. இதுதானே நம் வீடுகளில் நடக்கிறது? மூக்கு அடைத்தால் ஆவி பிடிக்கிறோம், தொண்டை கட்டினால் மிளகுப் பால் குடிக்கிறோம். சாதாரண ஜலதோஷத்துக்கு ஆவியும் மிளகுப் பாலும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் கைவைத்தியம் எங்கே நிற்க வேண்டும், டாக்டர் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்ற எல்லைக்கோடு குடும்பத்தலைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாததால் சில குழந்தைகளுக்குப் பேச்சே வராமல் போயிருக்கிறது. அதனால் இந்த இதழில் இ.என்.டி. டாக்டரைப் பற்றிப் பேசலாம், சகோதரிகளே.

மூன்றுக்கும் ஏன் ஒருவர்?

"காது ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம். எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கிறாரே, அது எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளியே பார்த்தால்தான் அவை தனித்தனி. உள்ளே மூன்றும் ஒரே கூடத்துக்குத் திறக்கிற மூன்று அறைகள். மூக்கின் பின்பக்கம் தொண்டையில் போய்ச் சேருகிறது. நடுக்காதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மூக்கின் பின்பக்கம் வந்து திறக்கிறது. 16-ம் நூற்றாண்டில் இதை விவரித்து எழுதிய இத்தாலிய மருத்துவர் யூஸ்டேக்கி பெயரால் இதை யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினதும் 'டப்' என்று திறக்கிறதே, அது இந்தக் குழாயின் வேலைதான்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சற்றே சரிவாக இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகவும் இருக்கும். அதனால்தான் ஜலதோஷம் பிடித்த மூன்றாம் நாள் ராத்திரி குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிடுகிறது. மூக்குச் சளியோடு போன கிருமி காதுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். பாட்டிலில் பால் கொடுப்பவர்கள் குழந்தையைத் தட்டையாகப் படுக்கவைத்துக் கொடுக்காமல், தலையைத் தூக்கி மடியில் வைத்துக் கொடுங்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

இந்த டாக்டர் முதலில் எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு காது மூக்கு தொண்டைக்கென்று மூன்று வருஷம் எம்.எஸ். படித்தவர். மருந்தும் கொடுப்பார், ஆபரேஷனும் செய்வார். காது கேட்பது, மூச்சு விடுவது, மணம் அறிவது, விழுங்குவது, குரல், தலைசுற்றல், குறட்டை, கழுத்தில் வரும் கட்டி எல்லாமே இவருடைய இலாகா.

அந்த அறையில் என்ன நடக்கும்?

பயந்துகொண்டு போகாமல் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் இ.என்.டி. டாக்டர் என்றால் நெற்றியில் நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கண்ணாடிதான் அடையாளம். விளக்கு வெளிச்சத்தை அதில் வாங்கி மூக்குக்குள் பாய்ச்சிப் பார்ப்பார். இப்போது பெரும்பாலும் தலையில் மாட்டும் விளக்கும், நுனியில் காமிரா உள்ள எண்டாஸ்கோப்பும் வந்துவிட்டன. உங்கள் காது ஜவ்வை நீங்களே திரையில் பார்க்கலாம்.

தொண்டைக்குள் குரல் நாண் அசைவதைக் கண்ணாடி வைத்து முதன்முதலில் தெளிவாகப் பார்த்தவர் யார் தெரியுமா? டாக்டரே இல்லை, பாட்டு வாத்தியார்! மானுவல் கார்ஸியா என்ற ஸ்பானியப் பாட்டு ஆசிரியர், 1854-ல் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, வெயிலை அதில் வாங்கி, தன் குரல் நாணைத் தானே பார்த்தார். பிற்பாடு மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

காது கேட்கிறதா என்று பார்க்க இசைக்கவையைத் தட்டிக் காதருகில் பிடிப்பார்கள். பள்ளிக்கூடத்து சயன்ஸ் ரூமில் நாம் தட்டி விளையாடின அதே கவைதான். சந்தேகம் இருந்தால் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஆடியோகிராம் எடுப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவே.

மக்குப் பையன் இல்லை

எங்கள் தெருவில் ஒரு பையன். இரண்டாம் வகுப்பு. வகுப்பில் கவனமே இல்லை என்று ஸ்கூலில் தினமும் புகார். வீட்டில் பத்து தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவான். டி.வி.யை ஊரே கேட்கிற மாதிரி வைப்பான். "வேணும்னே பண்றான், அழுத்தக்காரன்" என்று அப்பா சொல்வார். அம்மா கையில் கரண்டி எப்போதும் தயார். டியூஷன் வைத்தார்கள், வேண்டுதல் வைத்தார்கள். பையன் எப்போதும் வாயைத் திறந்துகொண்டே இருப்பான். ராத்திரி குறட்டை வேறு. ஆனால் காதில் வலியோ சீழோ கிடையாது. ஆகவே காதைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை.

தற்செயலாக, சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் குழந்தைகள் டாக்டர், "இவனை இ.என்.டி.யிடம் காட்டுங்கள்" என்றார். அவர் காதுக்குள் பார்த்துவிட்டுச் சொன்னார்: இரண்டு காதிலும் ஜவ்வுக்குப் பின்னால் கோந்து மாதிரி நீர் தேங்கியிருக்கிறது. மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வீங்கி, காதுக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு பாடம் கேட்டால் எப்படி இருக்கும்? அவன் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

உடனே கத்தியை எடுக்கவில்லை. இந்த நீர் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாசத்துக்குள் தானே வடிந்துவிடும் என்று சொல்லி, மூக்குக்கு வைத்தியம் பார்த்து, காத்திருந்தார். டீச்சருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து முதல் பெஞ்சில் உட்காரவைக்கச் சொன்னார். மூன்று மாசம் கழித்தும் ஆடியோகிராம் சரியாக இல்லை. அதற்கப்புறம்தான் அடினாய்டை எடுத்து, ஜவ்வில் கிராமெட் என்ற மிளகை விடச் சின்னக் குழாயை வைத்தார்கள். இந்தக் குழாய் பல மாசம் இருந்துவிட்டு, பெரும்பாலும் தானாகவே வெளியே வந்து விழுந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவன் கூடத்தில் படுத்துக்கொண்டு மேலே பார்த்து, "அம்மா, நம்ம ஃபேன் சத்தம் போடுமா?" என்று கேட்டானாம். அந்த அம்மா என்னிடம் சொல்லும்போது, "எத்தனை நாள் அடிச்சிருப்பேன் அக்கா, அவனுக்குக் கேக்கவே இல்லையே" என்று கண் கலங்கினாள். பாடத்தில் பின்தங்குகிற குழந்தையை மக்கு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கண்ணையும் காதையும் ஒரு தரம் சோதித்துவிடுங்கள். இதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.

ஒரு மாசம், மூன்று மாசம், ஆறு மாசம்

இது இன்னும் முக்கியமானது. பிறவியிலேயே காது கேளாத குழந்தை அழும், சிரிக்கும், முகம் பார்க்கும். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒன்றரை வயசாகியும் பேசவில்லையே என்றால், "இவங்க தாத்தாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்று பாட்டி சமாதானம் சொல்வாள். அந்தச் சமாதானத்தில் போகிற ஒவ்வொரு மாசமும் குழந்தையின் நஷ்டம். மூளை பேச்சைப் பழகிக்கொள்வது முதல் சில வருஷங்களில்தான். அந்தச் சமயத்தில் காதில் சத்தமே விழவில்லை என்றால், பிற்பாடு பேச்சு வருவது மிகமிகக் கஷ்டம்.

டாக்டர்கள் சொல்லும் கணக்கு இது: பிறந்த 1 மாசத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும். சந்தேகம் என்றால் 3 மாசத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். 6 மாசத்துக்குள் வைத்தியம் ஆரம்பிக்க வேண்டும். பச்சைக் குழந்தை எப்படி விரலைத் தூக்கும் என்று கேட்காதீர்கள். குழந்தை தூங்கும்போது காதில் சின்ன மொட்டு மாதிரி ஒன்றை வைத்தால், உள்காது பதில் சத்தம் தருகிறதா என்று மெஷினே சொல்லிவிடும். சில நிமிஷ வேலை. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "திரும்பிப் பார்த்தான், கேட்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். குழந்தை உங்கள் கை அசைவைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். அதிர்வை உணர்ந்தும் திரும்பியிருக்கலாம். ஆறு மாசக் குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயசில் ஓரிரு வார்த்தையாவது வர வேண்டும். இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம்.

குறை மாசத்தில் பிறந்தவை, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை வந்தவை, மூளைக்காய்ச்சல் வந்தவை, இந்தக் குழந்தைகளுக்குக் கட்டாயம் சோதனை வேண்டும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா என்ற அம்மை வந்தாலும் வயிற்றுக் குழந்தையின் காது கெடலாம். 2017-ல் நம் மாநிலத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அந்தத் தடுப்பூசி போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று நெருங்கின சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் பிறவிச் செவிடு வர வாய்ப்பு கூடுகிறது. சொத்து வெளியே போகக்கூடாது, உறவு விட்டுப் போகக்கூடாது என்று பேசுகிற பெரியவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கட்டும்.

குறை எவ்வளவு என்பதைப் பொறுத்துக் காது மெஷின் கொடுப்பார்கள். அதற்கும் கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு. உள்காதுக்குள் மெல்லிய கம்பியை வைத்துத் தைத்துவிடுவார்கள். வெளியே காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி சத்தத்தை வாங்கி அனுப்பும். லட்சக்கணக்கில் செலவாகும் இந்த ஆபரேஷனை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ஆனால் ஒன்று. ஆபரேஷன் பாதிதான். அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் அழைத்துப் போய், வீட்டிலும் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தால்தான் குழந்தைக்குப் பேச்சு வரும். அந்த மீதிப் பாதி அம்மா கையில் இருக்கிறது.

சீழ் வடியும் காது

"சின்ன வயசில் காது வடிவது சகஜம், வளர்ந்தால் நின்றுவிடும்" என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. நிற்காது. சீழ் வடிகிறதென்றால் பெரும்பாலும் ஜவ்வில் ஓட்டை இருக்கிறது. இதில் வகை இரண்டு. தண்ணீர் மாதிரி நாற்றமில்லாமல் வந்து வந்து நிற்பது ஒன்று. கொஞ்சமாக, ஆனால் துர்நாற்றத்தோடு வருவது இன்னொன்று. இரண்டாவதில் எலும்பை அரிக்கிற ஒரு வளர்ச்சி உள்ளே இருக்கலாம். காதுக்கு மேலே மெல்லிய எலும்புத் தட்டு, அதற்கு மேலே மூளை. விட்டுவைத்தால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எந்த வகை என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவரிடம் போகும் வரை காதில் எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். தலைக்கு ஊற்றும்போது வாஸலைன் தடவின பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வு நன்றாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காதுக் குறும்பி அழுக்கு இல்லை, காவல். தாடை அசைய அசையத் தானே வெளியே வந்துவிடும். ஹேர்பின், ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி, கடையில் விற்கும் பஞ்சுக் குச்சி எல்லாமே குறும்பியை உள்ளே தள்ளத்தான் செய்யும். இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள சந்து அது. அதன் கோடியில் ஜவ்வு.

மூக்கு

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிப்பது தப்பு. ரத்தம் தொண்டைக்குள் போய் வாந்தி வரும். உட்காரவைத்து, தலையை முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கின் மிருதுவான கீழ்ப் பாகத்தை 10, 15 நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. அரை மணியாகியும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு வந்தால் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

குழந்தைக்கு ஒரே மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், அது சளி இல்லை. பட்டாணியோ, மணியோ, ரப்பர் துண்டோ உள்ளே குடியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி, மூக்கில் எண்ணெய் விட்டு, வாய் வைத்து ஊதிச் சளி எடுக்கிற பழக்கத்தை இனி விட்டுவிடுவோம். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். ஊதுகிறவர் வாயிலுள்ள கிருமியும் குழந்தைக்குப் போகும். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தையும் நாலைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். போடப் போட அடைப்பு அதிகமாகும்.

தொண்டை

டான்ஸில் என்றாலே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். வருஷத்துக்கு ஏழு தரம், அல்லது இரண்டு வருஷமாக ஐந்தைந்து தரம், அல்லது மூன்று வருஷமாக மும்மூன்று தரம் காய்ச்சலோடு கடுமையாக வந்தால்தான் பொதுவாக எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். டான்ஸில் பெருத்து, குழந்தை தூக்கத்தில் மூச்சுத் திணறினாலும் எடுக்கச் சொல்வார்கள்.

குரல் கட்டிக்கொண்டு மூன்று வாரத்துக்கு மேல் தெளியவில்லையென்றால், அதுவும் பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவரென்றால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். குரல் நாணில் வரும் புற்றுநோய்க்கு முதல் அறிகுறியே இந்தக் குரல் மாற்றம்தான். அந்த நிலையிலேயே கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடிய நோய் அது. ஆண்கள் "கத்திப் பேசினதால கம்மிடுச்சு" என்று தட்டிக் கழிப்பார்கள். கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியது நாம்தான். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பாட்டிமாருக்கு வாயில் ஆறாத புண் இருந்தாலும் இதே விதி.

தலைசுற்றலுக்கும் காதுதான்

கட்டிலில் புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது, ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால், பித்தம் என்று இஞ்சிச் சாறு குடிக்கிறோம். உள்காதில் நம்மை நிமிர்த்தி வைக்கிற துலாக்கோல் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள பொடிப்பொடிக் கற்கள் இடம் மாறினால்தான் இந்தச் சுற்றல். எப்லி என்ற அமெரிக்க டாக்டர் 1992-ல் வெளியிட்ட முறைப்படி, நோயாளியைப் படுக்கவைத்துத் தலையை ஒரு கணக்காகத் திருப்பித் திருப்பிக் கற்களை இடத்தில் சேர்த்துவிடுவார்கள். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே நின்றுவிடும். ஆனால் சுற்றலோடு கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு சமாசாரம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சமையலைப் போட்டுவிட்டு ஓட வேண்டியவை

● ரிமோட், பொம்மை, கைக்கடிகாரத்தில் வரும் வட்ட பாட்டரியைக் குழந்தை விழுங்கினாலோ, மூக்கில், காதில் போட்டுக்கொண்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். உணவுக் குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் வெந்துபோகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

● நேற்று வரை நன்றாகக் கேட்ட காது இன்று காலை திடீரென்று கேட்கவில்லை என்றால் குறும்பி என்று இருந்துவிடாதீர்கள். அது நரம்புக் கோளாறாக இருந்தால், முதல் சில நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

● மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையை அடுக்கடுக்காக விழுங்கவைப்பது முள்ளை ஆழமாகக் குத்தவைக்கும்.

● காதில் பயறு, பட்டாணி போனால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பருத்துவிடும். உயிருள்ள பூச்சி போனால், ஜவ்வில் ஓட்டை இல்லாதவர்களுக்கு மட்டும், சூடு இல்லாத தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டுப் பூச்சியை அடக்கிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

ஷெவாலியர் ஜாக்ஸன் என்ற அமெரிக்கத் தொண்டை டாக்டர், ஜனங்களின் தொண்டையிலிருந்தும் மூச்சுக் குழாயிலிருந்தும் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட சாமான்களைச் சேர்த்துவைத்தார். அவை இன்றும் பிலடெல்பியா மியூசியத்தில் இருக்கின்றன. ஊக்கு, பொத்தான், காசு, கொட்டை, எல்லாம் நம் வீட்டுத் தரையில் கிடப்பவைதான்!

போகும்போது

எந்தக் காது, எத்தனை நாளாக, சாப்பிட்ட மருந்துகள் என்னென்ன என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். பழைய ஆடியோகிராம் இருந்தால் அதையும் வையுங்கள். "காது டெஸ்ட் செய்யவேண்டுமா? ஆபரேஷன் செய்யாமல் எவ்வளவு நாள் பார்க்கலாம்?" என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தப் பிரிவு எந்தெந்தக் கிழமை நடக்கிறது என்று முதலிலேயே விசாரித்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

மாமனார் மாமியாருக்குக் காது மந்தமானால், "கிழம், காதும் போச்சு" என்று கேலி பேசாமல் அவர்களையும் அழைத்துப் போங்கள். காது கேட்காதவர்கள் மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிடுகிறார்கள். காது மெஷின் போட்டுக்கொள்வது மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது மாதிரிதான்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, இந்த வாரமே காதுப் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்துவிடுங்கள். அடுத்த இதழில் கணுக்கால் வீக்கத்தைப் பற்றி, நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், பேசுவோம்.